கறார் கடை மேஜோடு

“தண்ணிங்களா ஐயா?” நர்ஸம்மா டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். கட்டிலில் கிடந்த பெரியவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். இல்லை என்று அர்த்தம்.

“சீப்பா?” இல்லை. “மூக்குக் கண்ணாடி?” இல்லை. “ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?” இல்லை. “அப்ப பேப்பரு?”

இதற்கு அவர் கண்ணைக்கூட மூடவில்லை. மட்டச் சரக்கை விரித்துக் காட்டுகிறவனை ஒரு பழைய வியாபாரி எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு வாயில் வேலை செய்கிற பாதியைக் கூட்டி, மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததையே மறுபடியும் சொன்னார்.

“மே... ஜோ... டு.”

“மேசைங்கறாரா, ஜோடிங்கறாரா, ஒரு மண்ணும் விளங்கலைக்கா,” என்று நர்ஸம்மா திரும்பினாள். “உங்களுக்காவது தெரியுதா?”

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருமகள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“தெரியலையே,” என்றாள்.

தெரியும். மேஜோடு என்றால் காலுறை. இப்போது ஊரெல்லாம் சாக்ஸ் என்கிறதே, அதுதான். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் கிடந்தார். இன்னொருத்தி கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். பைக்குள், அட்டைச் சீட்டு நூலில் தொங்க, சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி மேஜோடு மூன்று நாளாக இருந்தது.

அவருக்குக் காலில் குளிர் ஒன்றும் இல்லை. மானம்தான் குளிர்ந்தது. வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது. சின்ன வயதில் ஏதோ சரக்குப் பெட்டி விழுந்து போனதாம். அதை அவள் தெரிந்துகொண்டதே போன வாரம் ஆஸ்பத்திரியில்தான். பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே காலுறையைக் கழற்றி எங்கோ கடாசிவிட்டார்கள். முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், வேகாத வெயிலில்கூட இந்த மனுஷன் ஏன் மேஜோட்டைக் கழற்றுவதில்லை என்று அவளுக்குத் தெரியாது. தானே துவைப்பார், தானே உலர்த்துவார், கதவைச் சாத்திக்கொண்டு தானே மாட்டுவார். வீட்டில் யாரிடமும் அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. “இனி எங்க கையில ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சுப் பார்த்துக்கோங்க,” என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கட்டிலின் கால்மாட்டில்தான் வந்து நின்றார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் பெரியவர் வலது காலைப் போர்வைக்குள் இழுத்தார். இழுக்க இழுக்கப் போர்வை நழுவியது.

முதல் தடவை அவர் அந்தச் சொல்லைச் சொன்ன அன்றைக்கே மருமகள் அவருடைய அலமாரியைத் திறந்தாள். இருந்த ஏழு ஜோடியையும் ஒரு துணிப்பையில் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். அப்படியே கடைக்குப் போய்ப் புது ஜோடி ஒன்றை எடுத்துவந்தாள். சரக்கைக் கையில் வைத்துக்கொண்டுதானே விலை பேச வேண்டும்? அதுவும் அவரிடம் கற்றதுதான்.

அவர் கடை பொத்தான், நாடா, லேஞ்சி, மேஜோடு விற்கிற கடை. ஊருக்கு அது கறார் கடை. போர்டில் வேறு பெயர் இருந்தது; அதைப் படித்தவர் யாருமில்லை. மற்ற வியாபாரிகள் விலையில் கறாராக இருப்பார்கள். இவர் பெயரில் கறார். பட்டன் என்று கேட்டால் கொடுக்கமாட்டார். “பொத்தானா?” என்று கேட்டுவிட்டு, வந்தவர் வாயால் அது வரும்வரை கல்லாவில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கர்ச்சீஃப் என்றால் காதே கேட்காது. லேஞ்சி என்றால் உடனே கேட்கும். வாடிக்கையாளர்கள் இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே சொல்லி, சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்கள். வேலைக்கு நின்றவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

அவர் மகனுக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறிவிட்டான். பத்தொன்பது வயது மருமகளைப் பெரியவர் கடைக்குக் கூட்டிப்போய் ஏணியில் ஏற்றினார்.

“மாமா, அந்த சாக்ஸ் பெட்டியை எங்க வைக்க?”

“எந்தப் பெட்டி?”

“சாக்ஸ் பெட்டி மாமா.”

“அப்படி ஒரு சரக்கு நம்ம கடையில இல்லையேம்மா.”

கடை நிறைய ஆட்கள். பெட்டி அவள் தலைமேல் இருந்தது. கை கடுத்துக் கண்ணில் நீர் கட்டும்வரை நிற்கவைத்து, அவள் மேஜோடு என்று சொன்ன பிறகுதான் இடத்தைக் காட்டினார். அதைக்கூட அவள் மறந்திருப்பாள். புகுந்த வீட்டில் இதைவிடக் கெட்டதெல்லாம் கண்ட பெண்கள் உண்டு. அவள் மறக்காதது வேறொன்று.

அவளுக்குப் பெண் பிறந்து நாலு மாதம். அவள் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஷிஃப்ட் முடிந்து, காக்கிச் சட்டையோடு நேராகக் கடைக்கு வந்தார். பேத்திக்கு முதல் முதலாக ஏதாவது தன் கையால் வாங்கிப் போட வேண்டும் என்று ஆசை. மருமகள் அப்போது ஏணியின் உச்சியில், நாடா உருளைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

“சம்பந்தி, கொழந்தைக்கு ஒரு சாக்ஸ் வேணும்.”

“அப்படி ஒரு சரக்கு நம்ம கடையில இல்லையே.”

அப்பா சிரித்தார். சம்பந்தி கேலி செய்கிறார் என்று நினைத்திருப்பார். “அதாங்க, கால்ல போடுறது. அந்தா, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கே,” என்று விரலை நீட்டினார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது.

பெரியவர் கல்லாவிலிருந்து குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த ஏழெட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

“கை காட்டி வாங்க இது மீன் கடையா சம்பந்தி?”

கடை குலுங்கிச் சிரித்தது. அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “சரிங்க, அப்புறம் வரேன்,” என்று இறங்கிப்போனார். அன்று சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னார்: “கடையில அந்த சைஸ் தீர்ந்து போச்சாம்மா.”

அதன்பின் அவர் கடைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. பேத்தியைப் பார்க்கத் தெருமுனை வரை வந்து நிற்பார். இவள் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவாள். இரண்டு வருஷம் அப்படி. பிறகு தெருமுனைக்கும் வரவில்லை. மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தார்.

ஏணி உச்சியில் நின்றவள் ‘மேஜோடுன்னு சொல்லுங்கப்பா’ என்று ஒரு வார்த்தை கொடுத்திருக்கலாம். இல்லை, பெட்டியைத் தூக்கிக் கீழே போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. நாடா உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பழி என்பது பெரும்பாலும் அடுத்தவன் செய்ததற்காக மட்டும் வளர்வதில்லை.

பத்து வருஷத்துக்கு முன் பெரியவருக்கு முழங்கால் போய்க் கடை அவள் கைக்கு வந்தது. முதல் நாளே பெட்டிகள்மேல் அவர் கையெழுத்தில் இருந்த சீட்டுகளையெல்லாம் வெந்நீர் வைத்து உரித்தெடுத்தாள். சாக்ஸ், பட்டன், ரிப்பன், கர்ச்சீஃப் என்று அச்சடித்து ஒட்டினாள். ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கிய பெரியவர் படியில் நின்று அலமாரிகளைப் பார்த்தார். உள்ளே வராமலே திரும்பிப் போனார். கடைப்பக்கம் அதன்பின் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் அது பாதிக் கணக்குத்தான் தீர்ந்தது. சீட்டு இறங்கியதே ஒழிய அவர் வாய் இறங்கவில்லை.

அவர் மேஜோடு கேட்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை எட்டு மணி வண்டிக்கு அவளுடைய மகள் வெளியூர் வேலையிலிருந்து வந்து சேர்ந்தாள். அன்று நாலு மாதக் குழந்தை; இன்று இருபத்தாறு வயது. பையை எறிந்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, விரல் நுனியில் பூனை முகமும் இரண்டு காதும் வைத்த ரோஜா நிறக் காலுறையோடு வழுவழுத் தரையில் ஓடிவந்தாள்.

“மெல்லடி! சாக்ஸோட ஓடாதே, வழுக்கி விழப்போறே.”

“சாக்ஸ் இல்லம்மா இது. கிரிப்பீஸ். அடியில ரப்பர் புள்ளி இருக்கு பாரு, வழுக்காது.”

“எல்லாம் சாக்ஸ்தான்.”

“ஐயோ அம்மா, சாக்ஸ் வேற, இது வேற. சாக்ஸ்னு கேட்டா இது வராது.” அவள் அதற்குள் தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “தாத்தா, நான்தான். என்ன வேணும் சொல்லுங்க.”

“மே... ஜோ... டு.”

மகள் போனை எடுத்துத் தேடினாள். “மேசைதான் வருது. இல்லாட்டி யாரோ ஒரு சினிமாக்காரன் வர்றான். அம்மா, உனக்குத் தெரியாதா? நீதானே இவ்வளவு வருஷம் கூட இருந்தே?”

“பேச்சு குழறுது. என்னன்னு கண்டேன்?”

பெரியவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் மருமகள் பக்கம் உருட்டினார். சரக்கு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் ‘ஸ்டாக் இல்லை’ என்கிற கடைக்காரரைப் பார்க்கிற பார்வை அது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் கப்பலிலிருந்து வீடியோ கால் வந்தது. கணவனின் முகம் நின்று நின்று நகர்ந்தது. “அப்பா என்ன கேக்குறாரு?”

“ஒண்ணும் கேக்கல. அமைதியா இருக்காரு,” என்றாள் மருமகள்.

பத்து மணிக்கு மகள் குளிக்கப் போனாள். நர்ஸம்மாவை மருமகள் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அறையில் கடிகாரமும் அவர்கள் இருவரும்தான். அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, ஜிப்பைத் திறந்து, மேஜோட்டை எடுத்துத் தன் மடிமேல் விரித்தாள். கடையில் விரிப்பதுபோலவே, மடிப்பை நீவி, சீட்டு மேலே தெரியும்படி.

பெரியவரின் மூச்சு ஒரு தடவை தடுக்கியது.

“மேஜோடு,” என்றார். மூன்று நாளில் அதுதான் தெளிவாக வந்தது.

“அப்படி ஒரு சரக்கு நம்ம கடையில இல்லையே மாமா.”

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்த வாக்கியம் எங்கோ போய்ச் சேர்ந்தது தெரிந்தது. நல்லபடியாக இருந்த வலது கையை மெல்லப் போர்வையிலிருந்து உருவினார். ஆட்காட்டி விரல் அவள் மடியை நோக்கி நீண்டது.

இதற்குத்தான் இருபத்தாறு வருஷம்.

“கை காட்டி வாங்க இது மீன் கடையா?”

விரல் அந்தரத்தில் நின்றது. கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் மணியோசை கேட்டுக்கொண்டே இருந்து, ஓய்ந்தது.

“எங்க அப்பா நின்ன மாதிரிதான் இருக்கீங்க,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தணிவாக வந்தது. “ஒண்ணும் பெரிசா கேக்கல மாமா. சாக்ஸ்னு ஒரு தடவை சொல்லுங்க. ஒரே தடவை. நானே மாட்டிவிடுறேன். யாரும் பார்க்க மாட்டாங்க.”

பெரியவர் அவளைப் பார்த்தார். மேஜோட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். உதடு சேர்ந்தது. சொல்லப்போகிறார் என்றே அவள் நினைத்து முன்னால் சாய்ந்தாள். ஆனால் அந்த உதட்டின் ஒரு ஓரம் மேலே ஏறியது. கடைப்படி இறங்குகிற வாடிக்கையாளரைப் பார்த்து, ‘போ, எங்க போயிடப்போறே’ என்று அவர் சிரிப்பாரே, அதில் பாதி. நீட்டிய விரலை மடக்கினார். கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு பெரும்பாடுபட்டு, வலது காலைத் தானே போர்வைக்குள் இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேரத்தில் அதுவும் ஒரு கட்டம்தான். வேண்டாம் என்று எழுந்து போகிறவர் மூன்றாவது படியில் தயங்குவார். கடைக்காரர் அப்போது கூப்பிட வேண்டும். யார் முதலில் திரும்புகிறார்களோ அவர்கள் விலை இறங்கினார்கள். அவள் அவர் திரும்பக் காத்திருந்தாள். அவர் அவள் கூப்பிடக் காத்திருந்திருக்கலாம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவள் மேஜோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த நர்ஸம்மா போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிரவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள்.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தைந்து. ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மதியத்துக்குள் முன்னறையில் கிடத்திவிட்டார்கள். பெரியவர் நல்ல உயரம். வெள்ளைத் துணி கழுத்திலிருந்து இழுத்தால் கணுக்காலோடு நின்றது, பாதத்தை மூடினால் மார்பு திறந்தது. மார்பை மூடினார்கள். பாதம் வாசலைப் பார்த்து இருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். பார்த்தார்கள், சட்டென்று பார்வையைத் திருப்பினார்கள், மறுபடி பார்த்தார்கள்.

“அடடா, விரல் இல்லையா இவருக்கு?”

“சக்கரை வியாதியா இருக்கும்.”

“நாப்பது வருஷம் அவர் கடையில சரக்கு வாங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதே!”

மருமகள் சுவரோரம் நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அன்று கடையில் ஏழெட்டுப் பேர்தான். இன்று நாற்பது பேருக்குக் குறையாது. வட்டியும் முதலுமாக வந்துகொண்டிருந்தது. அவள் எதிர்பார்த்த நிறைவு மட்டும் எங்கோ வழியில் தங்கிவிட்டது.

தாத்தா எதையோ கேட்டுக்கொண்டே செத்தார் என்ற சேதி மகள் மூலமாகப் பரவியது. மாடி வீட்டம்மா அது சாமி பேர் என்றார். “கடைசி நேரத்துல காட்சி கெடச்சிருக்கும். குடுத்து வச்ச ஆத்மா.” இன்சூரன்ஸ் ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி, “பத்திரம் கித்திரம் வச்ச எடமா இருக்கும்மா, எதுக்கும் மேசைக்கு அடியில பாருங்க,” என்றார். அவர் கண் ஏற்கெனவே மேசைக்கு அடியில் இருந்தது.

நாலு மணிக்குப் பொத்தான்காரர் வந்தார். பெரியவருக்கு ஐம்பது வருஷமாகப் பொத்தான் மொத்தமாக அனுப்பியவர்; அவரைவிட ஒரு வயது மூத்தவர். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். நண்பரின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்த பேத்தியிடம் கேட்டார்.

“கடைசியா ஏதாவது சொன்னானா தாயி?”

“மேஜோடுன்னே சொல்லிட்டிருந்தாரு தாத்தா. யாருக்கும் புரியல.”

பொத்தான்காரருக்குச் சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிட்டது. இருமல்போல ஆக்கி அடக்கினார். “மேஜோடா? அட, சாக்ஸும்மா! கால்ல மாட்டுற சாக்ஸு. செத்தாலும் அவன் வாயில சாக்ஸுன்னு வராதே! ரெண்டு விரலு போன நாள்லேருந்து அது இல்லாம அவன் வாசப்படி தாண்டினது கெடையாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்கம்மாவைக் கேட்டிருக்கலாமே? எத்தனை வருஷம் அந்தப் பெட்டியை ஏணியில ஏத்தி எறக்கியிருக்கா.”

மகள் திரும்பினாள்.

காலையில் ‘உனக்குத் தெரியாதா’ என்று கேட்டவள் இப்போது கேட்காமல் நின்றாள். மருமகள் ஜிப்பைத் திறந்தாள். மேஜோட்டை எடுத்து நீட்டினாள். சீட்டு நூலில் சுழன்றது.

“இந்தா. இதைப் போட்டு விடு.”

மகள் அதைப் பார்த்தாள். கைப்பையைப் பார்த்தாள்.

“எப்ப எடுத்து வச்சே?”

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து மூன்று சொல்லியாகிவிட்டது. நாலாவது ஒன்றும் பாரமில்லை.

“மூணு நாளாச்சு.”

‘உனக்கு இதை வாங்க வந்த ஒருத்தருக்காகத்தான் இப்படிச் செஞ்சேன்’ என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. பெயர் தெரியாத ஒரு தாத்தா, ஒரு கறுத்த நகம், நாலு மாதக் கால்கள். நாற்பது பேர் நடுவில் அதை எங்கிருந்து எடுத்து விரிப்பது? அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

மகள் அதை வாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் காலிலிருந்த ரோஜா நிறத்தை ஒன்றன்பின் ஒன்றாக உருவினாள். தாத்தாவின் கால்மாட்டுக்கு நகர்ந்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல விரல்களால் சுருட்டிப் பிடித்து, முதலில் இடது காலுக்கு மாட்டினாள். பிறகு வலது காலுக்கு. சின்னது, குதிகாலில் பாதிதான் ஏறியது. பொத்தான்காரர், “சரிதான், சரிதான்,” என்று யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்து மகள் வெறுங்காலோடு எழுந்து உள்ளே போனாள். அம்மாவைக் கடந்துதான் போனாள்.

வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். மருமகள் கையிலிருந்த மேஜோட்டின் நூலை ஆட்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தாள், நுனி வெளுத்துப்போயிருந்தது. இடது காலில் பூனை இரண்டு காதும் விறைத்து வாசலைப் பார்த்தது. வலது காலில், விரல் இல்லாத பக்கத்துக் காது உள்ளே ஒன்றும் இல்லாமல் மடங்கிக் கிடந்தது.

அவள் குனிந்து அதை நிமிர்த்திவிட்டாள். கையை எடுத்ததும் அது மறுபடி மடங்கிக்கொண்டது.